மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது, கிளட்ச் போய்விட்டதா?

கோத்தகிரி டர்போ:
வண்டி 1.4 டர்போ பெட்ரோல், மேனுவல். முந்தைய ஓனர் ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) செய்திருக்கிறார். பர்லியார் தாண்டி மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் சட்டென்று மேலே போகிறது, வேகம் அப்படியே நிற்கிறது. கருகிய வாடை வேறு. பிரேக்காக இருக்குமோ?

குன்னூர் ஒர்க்‌ஷாப்:
தம்பி, பிரேக் வாடை பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். ஏறும்போது, அதுவும் முள் இப்படித் தனியாக ஓடும்போது வந்தால் கிளட்ச்தான். டர்போ வண்டியில் முழு டார்க்கும் (இன்ஜினின் இழுவிசை) 2000 ஆர்பிஎம் பக்கமே வந்துவிடும். தேய்ந்த கிளட்ச் பிளேட் முதலில் வழுக்குவது அங்கேதான், அதுவும் உயர் கியரில். ரீமேப் இன்னும் சுமை ஏற்றியிருக்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. அதுதான் ஏமாற்றும்.

சோதிக்க மலைப்பாதை வேண்டாம். கீழே போகும்போது ஆளில்லாத சமதள ரோட்டில் நான்காவது கியர், 2000-ல் வைத்து முழுசாக மிதியுங்கள். முள் தனியாக ஓடினால் முடிவு தெரிந்துவிட்டது. அடிக்கடி செய்யாதீர்கள், மிச்சமிருப்பதும் எரியும்.

ஊட்டி சீசன் டிரைவர்:
பெடல் கடிக்கும் இடம் (காலை எடுக்கும்போது கிளட்ச் பிடிக்கும் புள்ளி) மேலே ஏறவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் அது பல நேரம் தெரியாது.

குன்னூர் ஒர்க்‌ஷாப்:
சரியாகச் சொன்னார். பிளேட் மாற்ற கியர்பாக்ஸ் இறக்கும்போது கிளட்ச்சின் மற்ற பாகங்களான பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட் உரசும் ஃப்ளைவீலையும், இன்ஜின் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீலில் ஆயில் கசிகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்டில் ஆயில் பட்டாலும் இதே வழுக்கல்தான், புது பிளேட்டும் வீணாகும்.

கோத்தகிரி டர்போ:
நன்றி அண்ணா. அதுவரை சந்தைக்கு பஸ்தான்.