மறு: 'பெல்ட் உருகல்' வேண்டாமே

> பழைய கேசட் பிளேயரில் பெல்ட் கறுப்புக் குழம்பாகிப் போவதை 'உருகல்' என்று நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் போடலாம்.

ஐயா, வணக்கம்.

'பிஞ்ச் ரோலர்' என்கிற ரப்பர் உருளைக்கு நீங்கள் சொன்ன 'அழுத்துருளை'க்கு எனக்கு முழுச் சம்மதம். 'கிள்ளுருளை'யை விட்டுவிடுவோம்; அது நாடாவை எஃகுத் தண்டோடு சேர்த்து அழுத்துகிறதே தவிர யாரையும் கிள்ளவில்லை. 'உருகல்'தான் இடிக்கிறது.

உருகுவதென்றால் சூடு பட வேண்டும், ஆறினால் மறுபடி இறுக வேண்டும். வெண்ணெய், மெழுகு, ஈயம் எல்லாம் அப்படித்தான். இந்தப் பெல்ட்டை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் திரும்பப் பெல்ட் ஆகாது. இப்படிக் கெடுவது பெரும்பாலும் மரத்துப் பாலில் செய்த ரப்பரே அல்ல, பாலியூரித்தேன். அதன் மூலக்கூறுகளைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் படித்த நீராற்பகுப்புதான். சூடு அதை வேகப்படுத்தும், அவ்வளவே. ரங்கூனில் ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை, உங்கள் மோல்மேனில் இன்னும் அதிகம். 'உருகிவிட்டது' என்று கேட்டவர் டேப்பை வெயில் படாத சுவரோரம் கொண்டு வைப்பார். மே முதல் அக்டோபர் வரை அந்தச் சுவர்தானே ஈரம் கோத்துக் கிடக்கிறது!

போன மழைக்காலத்தில் அப்பாவின் டேப்பைத் திறந்தேன். மோட்டார் பெல்ட் வழியாகச் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றிப் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புக் கோடு மட்டும். விரலால் தொட்டு எடுத்தால் இழை இழுத்தது. அம்மா பார்த்துவிட்டு, "என்னடா, வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வந்திருச்சா?" என்றார். அந்த அடுப்படிச் சொல்லையே முன்வைக்கிறேன்: 'பாகாதல்'. 'பாகல்' என்று சுருக்க ஆசைதான், காயாகிவிடும். 'பாகுபடுதல்' என்றால் பாகுபாட்டில் போய் முட்டும்.

துடைக்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஃப்ளைவீல், மோட்டார் கப்பி இரண்டையும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். கப்பியில் கடுகளவு ஒட்டியிருந்தாலும் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டிய நாடா ஆட்டம் காணும், பாட்டு அலைபாயும். கைலியில் பட்டால் கைலியை மறந்துவிடுங்கள். பாகான பெல்ட்டை அளக்க முடியாது. கப்பிகளைச் சுற்றி நூல் ஓட்டி அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து போலக் குறைத்துப் புதுப் பெல்ட் வாங்கலாம். அழுத்துருளையின் நோய் வேறு. நாடாவின் பழுப்புத் துகள் படிந்து, இறுகி, வழுக்கும். பல நேரம் சோப்புத் தண்ணீரே போதும். எண்ணெய் மட்டும் எந்த ரப்பரிலும் படக் கூடாது.

---

தம்பி,

'உருக'லைக் கைவிட்டேன். ஆனால் 'பாகாகாத பெல்ட்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பாலியூரித்தேனிலேயே ஈரத்துக்கு அசையாத பாலியீத்தர் வகை இருக்கிறதே, அதைச் சொல்ல எதிர்மறை வேண்டாமா? இரும்பில் துரு பிடிக்கிறது, துணியில் பூசணம் பிடிக்கிறது. இரண்டும் ஈரத்தின் வேலை. அந்த வரிசையில் 'பாகு பிடித்தல்' என்று வைத்தால் என்ன? பாகு பிடித்த பெல்ட், பாகு பிடிக்காத பெல்ட்.

சில பழைய ரீல் நாடாக்களில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுப்பதும் இதே நோய்தான். அவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக வைத்து, தற்காலிகமாகத் தேற்றிப் பதிவு எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு 'உருகல்' என்று பெயர் வைத்திருந்தால் எவன் துணிந்து சூடு காட்டுவான்?

---

ஐயா,

'பாகு பிடித்தல்' சரி, பட்டியலில் மாற்றிவிட்டேன். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "பாகு காய்ச்சுவாங்க, பாகு வைப்பாங்க. பாகு பிடிக்கிறதுன்னு யார்டா சொல்லுவா?" என்கிறார். யாரும் சொல்லாதது நல்லதுதான், வெல்லத்தோடு குழப்பம் வராது.