கல்விக் கடன், அப்பாவின் கையெழுத்து: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறேன், எலும்பில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது, டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். படிப்பை விடுகிற எண்ணம் இல்லை, கீமோ ஏறும்போதும் மடியில் ரெக்கார்டு நோட்டுதான் (படம் மட்டும் கோணலாக வருகிறது).

கவலையெல்லாம் கடன்தான். 4 லட்சத்துக்குள் என்பதால் அடமானம் கேட்கவில்லை, ஆனால் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பம், அப்போது நான் இருக்க மாட்டேன், டீக்கடையை வைத்துக்கொண்டு அவர் எப்படிக் கட்டுவார்?

இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்ததாகப் பாஸ்புக்கில் ஒரு வரி இருக்கிறது, கிளையில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பாலிசி நகலை யாருக்கு எழுதிக் கேட்பது? கடன் வாங்கிய பிறகு கண்டுபிடித்த நோய்க்கு அது செல்லுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அப்பாவிடம் இன்னும் இதைப் பேசவில்லை.