மறுமொழி: ரிசீவர் – பிடிப்பாளரா, ஏந்துநரா, பெறுநரா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஓஹயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் 2025 பருவத்தைப் பற்றி எழுதவிருக்கும் நண்பர், முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடும் ஆட்டக்காரரான 'ரிசீவர்' என்பவருக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. இதுவரை வந்தவற்றில் பிடிப்பாளர், ஏந்துநர், வாங்கி ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்பப் பேசப்பட்டுள்ளன. மூன்றையும் விட்டுவிட்டு, கடிதத்தின் தலைப்பில் எழுதிப் பழகிய 'பெறுநர்' என்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

'வாங்கி' ஆளுக்குப் பொருந்தாது. ஒலிவாங்கி போலக் கருவிக்கு அமைந்த சொல் அது. 'ஏந்துநர்' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விளக்கேந்துதல், வாளேந்துதல் என்னும்போது ஏந்துதல் என்பது கையில் வைத்திருப்பதையே உணர்த்துகிறது. இந்த ஆட்டத்திலோ பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே ரன்னிங் பேக் என்று வேறொருவர் இருப்பதால், படிப்பவர் மனத்தில் அவர்தான் வந்து நிற்பார். ('ஏந்தல்' என்று இன்னும் சுருக்கிய ஐயாவுக்கு ஒரு செய்தி: தென்மாவட்டத்துக்காரர்கள் அதைக் கண்டால் கண்மாயைத்தான் நினைப்பார்கள்.)

எஞ்சுவது 'பிடிப்பாளர்'. பலரும் ஆதரிப்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இச்சொல்லின் குறை, செயல் நடந்து முடிந்த பிறகே ஆளுக்குப் பெயர் கொடுப்பதுதான். ஆட்ட விதியோ அப்படிச் சொல்வதில்லை. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க உரிமையுள்ளவர் யார் என்பது பந்து அசைவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது: முன்வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்களுக்கும், வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் மட்டுமே அந்த உரிமை உண்டு, அவர்களிலும் 50 முதல் 79 வரையிலான எண்ணை அணிந்தவருக்குக் கிடையாது. ஆக, ஒரு பந்துகூடக் கைக்கு வராமல் ஆட்டம் முடிந்தாலும் அவர் ரிசீவர்தான்.

நண்பர் எழுதவிருக்கும் அணியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அதன் ரிசீவரான ஜெரமையா ஸ்மித் 2025 ஜனவரி 1 அன்று ஒரிகன் அணிக்கு எதிராகக் காலிறுதியாக நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில் 7 பந்துகளைப் பிடித்து 187 கெஜம் சேர்த்தார், 2 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறுவது). ஒன்பது நாள் கழித்து அரையிறுதியில் டெக்சஸ் அணி அவரை அணைகட்டி நிறுத்தியது: ஒரே ஒரு பந்து, 3 கெஜம். இருந்தும் ஓஹயோ ஸ்டேட் 28–14 என்று வென்றது. அன்றைக்கு அவர் 'பிடிப்பாளர்' என்று எழுதினால் கேலியாகத் தொனிக்கும். ஆனால் எதிரணி தன் ஆட்களை அவர் பக்கம் சாய்த்து வைக்க நேர்ந்ததே மற்றவர்களுக்கு வழியைத் திறந்துவிட்டது.

கடிதத்தின் பெறுநர் நிலையும் இதுதான். உறையின்மேல் பெயர் எழுதியதுமே அவர் பெறுநர் ஆகிவிடுகிறார். கடிதம் வழியில் தவறலாம், அடுத்த வீட்டுக்காரர் கையில் சிக்கலாம், 'ஆள் இல்லை' என்று திரும்பியும் வரலாம். அவர் பெறுநர் என்பது மாறுவதில்லை. எறிந்த பந்தை எதிரணி இடைமறித்துவிடுவதுகூட இந்த உவமைக்குள் அடங்கிவிடுகிறது. ('பெறுனர்' என்று எழுத வேண்டாம், இயக்குநர், ஓட்டுநர் போல நகரமே சரி.)

ஒருவரை நோக்கி எத்தனை முறை பந்து எறியப்பட்டது, அவற்றில் எத்தனையை அவர் பிடித்தார் என்று இரு கணக்குகள் இந்த ஆட்டத்தில் உண்டு. முதலாவதற்கு 'இலக்கு' என்றால், கிரிக்கெட்டில் எடுக்க வேண்டிய ஓட்ட எண்ணிக்கை குறுக்கே வந்து குழப்பும்; எனவே 'குறியெறி' எனலாம். இரண்டாவதற்குப் பெறுநரோடு ஒத்துப்போக 'பேறு' என்றுதான் முதலில் நினைத்தேன். 'ஸ்மித்துக்கு 76 பேறுகள்' என்று எழுதிப் பார்த்ததும் மகப்பேறு மருத்துவமனை நினைவுக்கு வந்து கைவிட்டேன். 'பிடி' போதும், 'பிடிகொடுத்து ஆட்டமிழந்தார்' என்று எழுதி இலங்கைத் தமிழ் ஏடுகள் அதைப் புழக்கத்தில் வைத்திருக்கின்றன. ஆளுக்குப் பெறுநர், செயலுக்குப் பிடி என்று வேர் மாறினால் மாறட்டும்.

நிற்கும் இடத்தைக் கொண்டு அமையும் வகைகளில், 'வைட் ரிசீவர்' என்பதை 'அகலப் பெறுநர்' என்று பெயர்த்தால் அவர் உடல்வாகைச் சொல்வதுபோல் ஆகிவிடும். பக்கக்கோட்டருகே நிற்பவரை 'விளிம்புப் பெறுநர்' என்றும், அவருக்கும் முன்வரிசைக்கும் நடுவில் நிற்பவரை 'இடைப் பெறுநர்' என்றும் சொல்லலாம்.

சொற்கள் புழங்குமா என்பதை, 2025 பருவம் தொடங்குமுன் இருந்த நிலையை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்; நண்பர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

"2024 பருவத்தில் எமேகா எக்புகா 81 பிடிகளுடன் 1,011 கெஜமும், ஜெரமையா ஸ்மித் 76 பிடிகளுடன் 1,315 கெஜமும், கார்னெல் டேட் 52 பிடிகளுடன் 733 கெஜமும் எடுத்தனர். நோட்டர் டேம் அணியுடனான இறுதி ஆட்டத்தில், 31–23 என்ற நிலையில் பந்தைத் தம்மிடமே வைத்திருக்க மூன்றாம் முயற்சியில் 11 கெஜம் தேவைப்பட்டபோது, ஒற்றைத் தடுப்பாளரை முந்தி ஓடிய ஸ்மித் பிடித்த 56 கெஜப் பந்துதான் பட்டத்தை உறுதிசெய்தது. 205 பிடிகளோடு பல்கலைக்கழகச் சாதனை படைத்த இடைப் பெறுநர் எக்புகாவை டாம்பா பே என்னும் தொழில்முறை அணி, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றில் 19ஆவது வீரராக எடுத்துக்கொண்டது. அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு, 2024 பருவத்தில் சிறிய பங்கே கிடைத்த பிராண்டன் இன்னிஸின் பெயர் அடிபடுகிறது. பந்தை எறிந்த வில் ஹவர்டும் போய்விட்டதால் புதிய எறிபவரோடு பெறுநர்கள் பழக வேண்டும். பெறுநர்களின் பயிற்சியாளராக இருந்த பிரையன் ஹார்ட்லைனே 2025 பருவத்துக்குத் தாக்குதல் ஆட்டம் முழுவதற்கும் பொறுப்பேற்றது அதற்குத் துணைநிற்கும். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவர்களை என்.எப்.எல். என்னும் தொழில்முறைப் போட்டி அமைப்பு எடுத்துக்கொள்வதில்லை என்பதால் ஸ்மித் 2027க்கு முன் அங்கே போக முடியாது. டேட்டுக்கு 2026இலேயே வழி திறக்கிறது. ஸ்மித்தின் பிடிகள் 76ஐத் தாண்டுமா என்பதைவிட, அவரை இருவர் சூழும்போது மறு விளிம்பில் நிற்கும் டேட்டுக்கு எத்தனை குறியெறிகள் வரும் என்பதே கவனிக்க வேண்டியது. 2025 ஆகஸ்ட் 30 அன்று சொந்த ஊரான கொலம்பஸில் முதல் எதிரியே டெக்சஸ்."

எழுதும்போது 'பெறுநர்' எங்கும் இடறவில்லை. 'குறியெறி' மட்டும் முதல் வாசிப்பில் சற்றுத் தயங்க வைக்கிறது. அதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை.

'டைட் எண்ட்' என்பவருக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. முன்வரிசையை ஒட்டி நின்று பாதி நேரம் எதிரியைத் தடுத்தும், பாதி நேரம் பந்துக்கு ஓடியும் இரட்டை வேலை பார்ப்பவர் அவர். 'ஒட்டுப் பெறுநர்' என்றால் தடுக்கும் வேலை விடுபடுகிறது, 'முனைத் தடுப்பாளர்' என்றால் பந்து விடுபடுகிறது. பர்டூ பல்கலைக்கழக அணியிலிருந்து 2025 பருவத்துக்கு இந்த அணிக்கு மாறிய மேக்ஸ் கிளேர் அந்த இடத்தில் ஆடுபவர் என்பதால், நண்பர் அந்தப் பத்திக்கு வருவதற்குள் குழுவினர் ஒரு சொல் தந்து உதவ வேண்டும்.

அன்புடன்.