முதல் தரத்திலேயே கம்பஸ் போனவர்கள், ஒரு வருடம் பொறுத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

புதுக்குடியிருப்பு அண்ணன்

வணக்கம். தங்கச்சிக்காக எழுதுகிறேன். 2024 உயர்தரப் பரீட்சை, உயிரியல் பிரிவு, முதல் தரம், அதாவது முதல் தடவை எழுதினாள். நவம்பர் 25 இல் தொடங்கிய பரீட்சை மூன்றாம் நாளே மழையால் நின்று, டிசம்பர் 4 இல் திரும்பத் தொடங்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் முற்றத்தில் முழங்கால் தண்ணீர். புத்தகங்களை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மாமி வீட்டில் நின்று எழுதினாள்.

ஏப்ரலில் பெறுபேறு வந்தது. ஒரு பி, இரண்டு சி. மருத்துவம் இல்லை. முல்லைத்தீவு மாவட்டம் என்பதால் விவசாயமோ, வவுனியாவில் ஏதாவது விஞ்ஞானப் பாடநெறியோ கிடைக்கலாம் என்கிறார்கள். கிடைத்துப் போனால், கூடப் படித்த பிள்ளைகளில் பாதிப்பேரை விட ஒரு வருடம் முந்திப் போய்விடுவாள். அம்மா போகட்டும் என்கிறார். அப்பா இன்னொரு தரம் எழுதட்டும் என்கிறார். அடுத்த பரீட்சை 2025 நவம்பரிலேயே. நடுவில் நான். அனுபவப்பட்டவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரை எங்கள் ஒழுங்கையிலேயே நிறையக் கிடைக்கிறது.

மல்லாவி அக்கா

நான் முதல் தரத்தோடு போனவள். இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம்.

தம்பி, முதலில் இந்த "முந்தி" என்ற கதையை விடுங்கள். நான் 2008 ஜனவரியில் மல்லாவியில் முதலாம் வகுப்புக்குப் போனேன். வருடம் முடியவில்லை, யுத்தத்தால் ஊரை விட்டு வெளிக்கிட்டுவிட்டோம். அடுத்த வருடம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டகைக்குள் திரும்பவும் முதலாம் வகுப்பு. அ எழுதத் தெரிந்த பிள்ளை இன்னொரு தடவை அ எழுதினேன். அதனால் நான் எழுதியது 2022 உயர்தரம். அதுவும் நாடு இருந்த நிலையில் பிந்தி, 2023 ஜனவரியில்தான் நடந்தது. செப்டெம்பர் 4 ஆம் திகதி பெறுபேறு வந்தபோது எனக்கு 21 வயது. வீட்டில் "இப்பவே போனால் ஒரு வருடம் மிச்சம்" என்றார்கள். எந்த வருடத்தில் மிச்சம் பிடிப்பது?

எங்கள் வீட்டில் சிக்னல் கிணற்றடியில் மட்டும்தான் வரும். தொட்டிக் கட்டில் ஏறி நின்று சுட்டெண்ணை அடித்தேன். பக்கம் திறக்கவில்லை. திரும்ப அடித்தேன். அப்பா வயலுக்குப் போகாமல் கமுகோடு சாய்ந்து நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. திறந்ததும் நான், கம்பஸ் அனுமதிக்குக் கணக்கெடுக்கும் இசட் புள்ளியைத்தான் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி, சாப்பிடு" என்றார்.

மருத்துவத்துக்குக் காணாது என்று அப்போதே விளங்கிவிட்டது. எல்லாரும் இரண்டாம் தரம் என்றார்கள். ரியூசன் சேர் கோல் எடுத்து "நீ விட்டுவிட்டால் எனக்குத்தான் வெட்கம்" என்றார். அந்தக் கதை எனக்குச் சரியான ஆத்திரம், இப்போதும்தான்.

அடுத்த பரீட்சை 2024 ஜனவரி. செப்டெம்பரிலிருந்து எண்ணிப் பாருங்கள், நான்கு மாதம். "ஒரு வருடம் பொறு" என்று சொல்கிறார்கள், கையில் கிடைப்பதோ நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் எங்கள் பக்கத்தில் காலபோகம். உழவு, விதைப்பு, பசளை, பிறகு மழை. அப்பாவும் அம்மாவும் விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். சமையல், தம்பியின் பள்ளிக்கூடம், ஆடுகள், கோழி எல்லாம் என் தலையில். யாரும் "செய்" என்று சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளை வீட்டில் நின்றால் வேலை தானாகத் தேடி வரும்.

ஒரு கிழமை கணக்கு வைத்துப் பார்த்தேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில், படித்த நேரத்தை மட்டும். ஞாயிறு 4 மணித்தியாலம். மற்ற நாட்களில் இரண்டு, இரண்டரை. புதன்கிழமை ஒன்றுமில்லை, அன்று ஆடு குட்டி போட்டது. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ அறை எடுத்து நின்று வகுப்புக்குப் போகலாம் என்றால் அதற்கு நெல் விற்க வேண்டும். விதைக்கப் போகும் நேரத்தில் வீட்டில் ஏது நெல்? அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதோடு இரண்டாம் தரக் கதை எங்கள் வீட்டில் முடிந்தது.

இனிப் போன கதை. அது லேசாக இருக்கவில்லை. எல்லாம் ஆங்கிலம். முதல் மாதம் விரிவுரையில் படத்தைப் பார்த்துத்தான் என்ன பாடம் என்று கண்டுபிடித்தேன். பிறகு ஒரு நாள் மண் செய்முறை. மண்ணை நனைத்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரித் தள்ள வேண்டும். எவ்வளவு நீளத்தில் உடைகிறது என்பதை வைத்து, களி எவ்வளவு என்று கணிக்கலாம். பக்கத்தில் நின்றவர்களுக்கு நாடா வரவே இல்லை, நொறுங்கி நொறுங்கி விழுந்தது. எனக்கு முதல் தடவையிலேயே வந்தது. அப்பா வரம்பில் குந்தியிருந்து சேற்றை இப்படித்தான் உருட்டிப் பார்ப்பார். செய்முறை காட்டும் டெமோ அக்கா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு எனக்கும் உரியது என்று பட்டது.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முந்திப் போனால் முந்தி முடிக்கலாம் என்று நம்பாதீர்கள். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, இரண்டு மாதத்துக்கு மேல் எல்லாம் படுத்துவிட்டது. என்னோடு படித்த ஒருத்தி பொறுத்திருந்து இரண்டாம் தரத்தில் மருத்துவம் எடுத்தாள். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் சித்தி வீடு, தனி அறை, நேரத்துக்குச் சாப்பாடு. அவள் என்னை விடக் கெட்டிக்காரி இல்லை என்று எழுத விரல் துடிக்கிறது. எழுதிவிட்டேன்.

வீட்டுக்குப் போகும்போது பஸ் முறிகண்டியில் நிற்கும், கச்சான் வாங்குவேன், மாங்குளத்தில் இறங்கி மாறுவேன். சில நாள் "டொக்டர் ஆகியிருக்கலாம்" என்று மாங்குளம் வரைக்கும் யோசித்துக்கொண்டு வருவேன். மாறும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் மறந்துவிடும்.

கிளிநொச்சி தம்பி

நான் பொறுத்தவன். கணிதப் பிரிவு, இரண்டாம் தரத்தில் பொறியியல் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்று படித்தேன், அக்கா சொன்ன அதே சித்தி வீட்டுக் கதைதான். ஒரு பகிடி சொல்லவா? ஒரு வருடம் ஊரை விட்டுப் போய் மண்டை காயப் படித்து, கடைசியில் வந்து சேர்ந்த பொறியியல் பீடம் அதே அறிவியல் நகரில். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம்.

முகமாலைக்கு இந்தப் பக்கம்

நான் பழைய ஆள். என் கதை உங்கள் தங்கச்சிக்கு உதவுமோ தெரியாது, ஆனால் "பொறு" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இதுதான் வரும்.

எனக்கு முதல் தரத்தில் யாழ்ப்பாணம் கலைப்பீடம் கிடைத்தது. 2002 இலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்திருந்தது. பஸ் ஓடியது, நாங்களும் பாதை இனி எப்போதும் இருக்கும் என்று நம்பிவிட்டோம். எனக்குச் சட்டம் படிக்க ஆசை. பதியாமல் விட்டு இன்னொரு தரம் எழுதினேன். 2006 ஓகஸ்ட் 11, அந்தப் பாதையில் யாழ்ப்பாணத்துக்குள் போகும் சோதனைச்சாவடியான முகமாலை மூடியது. பாதை போனதோடு எல்லாம் போய்விட்டது. முந்தின வருடம் அந்தப் பக்கம் போன என் கூட்டாளிகள் அங்கே மாட்டினார்கள், நான் இங்கே மாட்டினேன். அவர்கள் கம்பஸ் பிள்ளைகளாக மாட்டினார்கள், அதுதான் வித்தியாசம். மற்றதை எழுத விருப்பமில்லை. 2010 க்குப் பிறகு வெளிவாரியாகப் பதிந்து, வேலைக்குப் போய்க்கொண்டே படித்து முடித்தேன்.

என் அக்காவின் மகன் போன வருடம் இதே கேள்வியோடு வந்தான். வாய் திறக்க முதல் "கிடைத்ததை எடு" என்று கத்திவிட்டேன். மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "அது உங்கட 2006, அவன்ர வருசம் இல்லை" என்றா. பேசாமல் இருந்தேன். அவன் பொறுத்தான். இப்போது கம்பஸ் அனுமதி முடிவுக்குக் காத்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் பயம்தான், ஆனால் பாதை திறந்துதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

படிப்பிக்கிற அக்கா

வன்னியில் உயர்தரம் படிப்பிக்கிறேன். சில விஷயங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் இதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம் எழுதலாம். சரி. ஆனால் இசட் புள்ளி அந்தந்த வருடம் எழுதியவர்களுக்குள் பார்ப்பது. இந்த வருடம் விட்ட இடத்தை, அடுத்த வருடம் புள்ளி குறைந்தால் போய்த் திருப்பிக் கேட்க முடியாது. குறைந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கூடின பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அனுமதியில் 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு உங்கள் தங்கச்சி அழத் தேவையில்லை. வெட்டுப்புள்ளி, அதாவது ஒவ்வொரு பாடநெறிக்கும் வேண்டிய ஆகக் குறைந்த இசட் புள்ளி, வரும் வரைக்கும் "கிடைக்காது" என்று யாரும் சொல்லவும் முடியாது.

விண்ணப்பம் கட்டாயம் போடுங்கள். இரண்டாம் தரம் எழுதுவதற்கு அது தடை இல்லை. ஆனால் இடம் கிடைத்துப் பதிந்துவிட்டால் பிறகு மாறுவது லேசில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசித்துவிட்டுப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை வாசித்துவிட்டு வேண்டாம்.

மல்லாவிப் பிள்ளை அந்தக் கலண்டர் தாளில் செய்த வேலையை என் வகுப்பில் எல்லாரையும் செய்ய வைக்கப் போகிறேன். பெண் பிள்ளைகளின் தாள்களைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

புதுக்குடியிருப்பு அண்ணன்

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முகமாலை அண்ணாவின் கதை வந்ததும் எழும்பி வெளியே போய்விட்டார். விண்ணப்பம் போட்டாயிற்று. இனி ஃபோனைத் தங்கச்சி பறிக்கிறாள்.

அண்ணனின் ஃபோனில் தங்கச்சி

வணக்கம். அண்ணா இதை என்னிடம் கேட்காமல் போட்டிருக்கிறார். புள்ளியையும் போட்டிருக்கிறார், அதற்குத் தனியாகச் சண்டை இருக்கிறது.

டொக்டராக வேண்டும் என்று நான் சொன்னது ஒன்பதாம் வகுப்பில். அதற்குப் பிறகு யாரும் என்னைத் திரும்பக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து கணக்கு எழுதுகிறேன். நேற்று 3 மணித்தியாலம். இன்றைக்கு இதுவரை 40 நிமிடம், அதிலும் பாதி நேரம் இங்கே எழுதியதை வாசித்தது. ஒரு கிழமை முடிந்ததும் நானே அப்பாவோடு கதைக்கிறேன்.

மல்லாவி அக்கா, அந்த மண் நாடாவை எங்கள் வயல் மண்ணில் செய்து பார்த்தேன். இரண்டு அங்குலத்தில் உடைந்துவிட்டது. அது நல்லதா கூடாததா? அப்புறம், அங்கே விடுதி அறையில் தண்ணீர் கொதிக்க வைக்க ஹீட்டர் கொண்டுவர விடுவார்களா?