கலைச்சொல் வேண்டும்: பேஸ்பால் அட்டையின் ‘பேக்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் கிடைக்காமல் என் கட்டுரை பாதியில் நிற்கிறது. பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேகரிப்பது பற்றிய கட்டுரை. ‘அரிய பேக் சேகரிப்பவர்கள்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். ஊரிலிருந்து படித்த அக்கா போனில் கேட்டார்: “ஏன்டா, அமெரிக்காவுல ஆம்பளைங்களும் கைப்பை சேர்க்கிறாங்களா?” தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் முதுகும் (back) பையும் (bag) ஒரே ‘பேக்’ ஆகிவிடுகின்றன. ஆகவே ஒலிபெயர்ப்பு உதவாது.

விஷயம் இதுதான். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாகோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டைகளை வைத்தது. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான உயரம். சேகரிப்பாளர்கள் இதை டி206 என்பார்கள். டி என்றால் புகையிலை. எண்ணைக் கொடுத்தவர் சிராக்யூஸ் ஊர்க்காரர் ஜெஃபர்சன் பர்டிக். பழைய அச்சுச் சீட்டுகளுக்கு எல்லாம் பட்டியல் போட்டு, தான் சேர்த்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவற்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன மனிதர்.

அட்டையின் முன்னால் ஆட்டக்காரர், வண்ணத்தில். பின்னால் சிகரெட் விளம்பரம். அந்தக் கம்பெனியின் கீழ் பல பிராண்டுகள் இருந்ததால் பின்னால் வரும் பெயர்கள் 16. பீட்மான்ட், ஸ்வீட் கபோரல் இரண்டும் கொட்டிக் கிடக்கின்றன. டிரம், லெனாக்ஸ், யூசிட், பிராட் லீஃப் போன்றவை கண்ணில் படுவதே அபூர்வம். ஒரே ஆட்டக்காரர், ஒரே படம். பின்னால் பீட்மான்ட் இருந்து அட்டையும் கசங்கியிருந்தால், வீட்டோடு ஓட்டலுக்குப் போய் ஒருவேளை சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும். டிரம் இருந்தால் ஆயிரக்கணக்கில் டாலர். இந்தப் பின்னால் இருப்பதற்குத்தான் ஒரு சொல் வேண்டும்.

---

தம்பி,

‘பின்பக்கம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் சொல். இக்குழுவில் உள்ளதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கும் பழக்கம் கூடிவருகிறது. நான் சொல்லிக் கேட்பவர் யார்!

இன்னொன்று. பேஸ்பாலுக்கு ‘அடிபந்தாட்டம்’ என்ற சொல் புழக்கத்தில் உள்ளது. ‘அட்டை’ என்றால் எங்கள் ஊரில் இரத்தம் உறிஞ்சும் பூச்சிதான் முதலில் நினைவுக்கு வரும். ‘சீட்டு’ என்று எழுதலாமே.

---

ஐயா சொல்வது சரிதான், ஆனால் பக்கம் என்றால் இடம்தானே? இவர் கேட்பது அங்கே அச்சாகியிருக்கும் பெயரைப் பற்றி. ‘பின்குறி’ எப்படி? பின்குறிப்பு ஏற்கெனவே இருப்பதால் பழகிய வடிவம்.

---

அம்மா, மன்னிக்கவும். ‘பின்குறி’யை நான் வகுப்பில் சொன்னால் அன்றைக்குப் பாடம் நடக்காது.

---

வணக்கம். நான் சிவகாசியில் அச்சுத் தொழிலில் இருப்பவன். இந்தக் குழுவில் எழுதுவது இதுவே முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முன்பக்கம் வேறு வேலை, பின்பக்கம் வேறு வேலை. ஒரு பக்கம் ஓட்டி, மை காய்ந்த பிறகு தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஓட்டுவோம். நண்பர் சொல்லும் அட்டையும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். முன்னால் எல்லாருக்கும் ஒரே படம், பின்னால் எந்த பிராண்டு கேட்டதோ அந்த பிளேட். ஆகவே ‘பின்னச்சு’ என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். பீட்மான்ட் பின்னச்சு, டிரம் பின்னச்சு. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

---

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் எழுதும்போதுதான் எனக்கே தெளிகிறது.

ஐயா, ‘பின்பக்கம்’ ஏன் போதாது என்றால், அந்த 16 பெயர்களில் ஒன்று ‘ஹிந்து’. புகையிலைக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழுப்பு மையில் ஒன்று, சிவப்பு மையில் ஒன்று. சிவப்புதான் அரிது. ‘அவரிடம் சிவப்பு ஹிந்து பின்பக்கம் நான்கு இருக்கிறது’ என்று எழுதினால் சென்னை வாசகர் நாளிதழின் கடைசிப் பக்கத்தைத்தான் தேடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தச் சேகரிப்பாளர்கள் பேசும்போது பிராண்டுப் பெயரையும் ‘பேக்’கையும் ஒட்டித்தான் சொல்கிறார்கள். நாம் வைக்கும் சொல்லும் அப்படி ஒட்டி நிற்க வேண்டும், எண்ணிக்கை போட வேண்டும், முன்னால் ‘அரிய’, ‘வெறும்’ எல்லாம் சேர வேண்டும். ‘பின்பக்கம்’ ஆறு எழுத்து. நாலு முறை வந்தால் வாக்கியம் மூச்சு வாங்குகிறது.

‘பின்னச்சு’ எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஒரு பயம். ‘பின்’ என்பது காலத்தையும் காட்டும். பின்னாளில் அச்சானது, அதாவது மறுபதிப்பு, என்று யாராவது எடுத்துக்கொண்டால் போச்சு. இந்த உலகத்தில் மறுபதிப்பு என்பது கெட்ட வார்த்தைக்குச் சமம். நூறு வருட அட்டை என்று சொல்லி நேற்று அடித்ததைத் தலையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

சொல்லுக்காக யோசித்தபோது சின்ன வயதில் தெருவில் ஆடிய சிகரெட் அட்டை ஆட்டம் நினைவுக்கு வந்தது. வட்டம் போட்டு நடுவில் அட்டைகளை வைத்துக் கல்லால் அடித்து வெளியேற்றுவோமே, அதுதான். பெட்டிக்கடை வாசலில் பொறுக்கிய காலிப் பெட்டிகளைக் கிழித்து மேலட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருக் கணக்கில் சார்மினாருக்கு 5, கத்தரிக்கு 10, கோல்ட் ஃபிளேக்குக்கு 50. யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து போட்டுவிட்டுப் போன பெட்டி கிடைத்தால் அது 1000, அதை வைத்திருப்பவன்தான் அன்றைக்கு ராஜா. எந்த பிராண்டு தெருவில் நிறைய விற்றதோ அதற்கு மதிப்புக் குறைவு. டி206இலும் அதே கதைதான். அங்கே நிறைய விற்றது பீட்மான்ட்டும் ஸ்வீட் கபோரலும். நாங்கள் ‘சார்மினார் அட்டை’ என்றுகூடச் சொன்னதில்லை, ‘ரெண்டு சார்மினார் குடு’ என்போம். இவர்களும் ‘ஒரு டிரம் கிடைத்தது’ என்கிறார்கள். (ஐயா, ‘சீட்டு’ வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். நமக்கு இது அட்டைதான். பூச்சி மன்னிக்கட்டும்.)

ஆக, ‘பேக்’ என்பது இங்கே அட்டையின் ஒரு பக்கம் மட்டுமல்ல. ஆளுக்குக் குலப்பெயர் மாதிரி, அட்டைக்கு அது. இதை நான் காசு கொடுத்துக் கற்றிருக்க வேண்டும், காசு கொடுக்காமல் விட்டுக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு சின்னச் சந்தையில் மடக்கு மேசை போட்டிருந்த ஒரு முதியவரிடம் ஓர் அட்டை பார்த்தேன். விலை மலிவு. கையிலிருந்த சாதாரண பீட்மான்ட்டின் மேல் அதை வைத்துப் பார்த்தால், இரண்டு ஓரத்திலும் கீழிருந்த அட்டையின் வெள்ளை நூல்போலத் தெரிந்தது. யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெட்டிய அட்டைக்கு மதிப்பில்லை என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். திருப்பிப் பார்த்தேன், பின்னால் ‘அமெரிக்கன் பியூட்டி’ என்றிருந்தது, அது மனதில் பதியவே இல்லை. வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது: அமெரிக்கன் பியூட்டி அட்டைகள் பிறவியிலேயே அகலம் குறைந்தவை. பின்னால் இருந்ததைப் படித்திருந்தால் முன்னால் ஏன் ஒல்லி என்று தெரிந்திருக்கும். மறுநாள் ஓடினேன். மேசையும் இல்லை, முதியவரும் இல்லை.

போலார் பேர் என்று இன்னொன்று. அது சிகரெட்டே அல்ல, உதிரிப் புகையிலை. அட்டை புகையிலைக்குள்ளேயே கிடந்ததால் பலவற்றில் பழுப்புக் கறை. அதன் பின்னால் முழுக்கக் கருநீலம், எழுத்து மட்டும் வெள்ளை. மற்றவற்றில் வெள்ளைத் தாளில் ஒரு நிற மை. என்னிடம் உள்ள பீட்மான்ட்டில் நீல மை: மேலே ‘பேஸ் பால் சீரிஸ், 150 படங்கள்’, நடுவில் வளைவு வளைவாகப் பெயர், அடியில் பொடி எழுத்தில் ‘ஆலை எண் 25, வர்ஜீனியா 2ஆம் மாவட்டம்’. இந்தப் பொடி எழுத்தை வைத்தே ஒரு தனிப் பிரிவினர் சண்டை போடுவார்கள்.

கடைசியாக ஒன்று. ‘அரிய அட்டை’ என்று தமிழில் எழுதினால் எது அரிது என்று தெரிவதில்லை. ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் வாக்னர் அட்டைகள் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது மிகச் சாதாரண ஸ்வீட் கபோரல். அங்கே அரிது முன்னால். டை காப் என்ற ஆட்டக்காரரின் கதை நேர் எதிர். அவருடைய சிவப்புப் பின்னணிப் படம் ஏராளம், ஆனால் பின்னால் ‘டை காப்’ என்று அவர் பெயரிலேயே புகையிலை விளம்பரம் வந்தால் அது வேறு ஜாதி. 2016இல் ஒரு குடும்பம் பூட்டனார் வீட்டைக் காலி செய்தபோது குப்பைக்குப் போகவிருந்த கிழிந்த காகிதப் பைக்குள் அப்படி ஏழு இருந்தன. (பேக்குக்குள் பேக். அக்கா கேட்டால் சிரிப்பார்.) இந்த இரண்டு அரிதையும் பிரித்துச் சொல்ல எனக்கு இரண்டு சொல் வேண்டும், இரண்டும் குட்டியாக.

---

‘பின்குறி’ சொன்னவள்தான் மறுபடி வருகிறேன், வகுப்பறை ஐயா பயப்பட வேண்டாம்.

‘புறம்’ என்று மட்டும் வைத்தால் என்ன? முன்னால் ‘முகம்’, பின்னால் ‘புறம்’. பீட்மான்ட் புறம், டிரம் புறம். வாக்னர் அருமுகம், டை காப் அரும்புறம். எதுவுமே அச்சாகாததை வெற்றுப்புறம் எனலாம்.

---

அம்மையாருக்கு,

‘முன்புறம்’ என்று ஒரு சொல் இருப்பதை மறந்துவிட்டீர்கள். முன்புறமும் புறம், பின்புறமும் புறம், வலப்புறமும் புறம். புறம் என்றால் பக்கம் என்று மட்டுமே பொருள். அதைப் பின்னுக்கு மட்டும் எழுதிக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

---

ஐயா, கையை நீட்டிப் பாருங்கள். உள்ளங்கை ஒன்று, அதன் பின்னால் இருப்பது புறங்கை. அங்கே புறம் என்றால் பின்தானே? புறங்காட்டி ஓடினான் என்றால் முதுகைக் காட்டினான். புறங்கூறினாள் என்றால் ஆள் போன பின்னால் பேசினாள். ‘முன்’, ‘வல’ என்று எதுவும் ஒட்டாமல் தனியே நின்றால் புறம் பின்னுக்குப் போகும். இது நான் எழுதிக்கொடுத்த பத்திரம் இல்லை, எப்போதோ பதிவானது.

எனக்கு இதில் பிடித்தது புறங்கைதான். தேய்க்கத் தேய்க்க உள்ளங்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகிவிடும், புறங்கையைப் பார்த்துத்தான் பாட்டி வயதைச் சொல்வாள்.

---

சிவகாசியிலிருந்து. ‘பின்னச்சு’ போனதில் வருத்தமில்லை. ‘புறம்’ எழுத்துக் கோக்கவும் சுலபம்.

ஒரு சந்தேகம். காயாத தாளை அடுக்கினால் ஒன்றின் மை மேல் தாளில் ஒட்டிக்கொள்ளும், செட்-ஆஃப் என்போம். அந்த அட்டைகளில் அப்படி வருமா? வந்தால் எங்கள் ஊரில் கழிவு, எடைக்குப் போகும்.

---

வரும், ஐயா. அட்டையின் பின்னால் விளம்பரத்தின் மேலேயே இன்னோர் ஆட்டக்காரரின் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி மங்கலாகத் தெரியும். இங்கே அதற்குக் கூடுதல் விலை. உங்கள் ஊரில் எடைக்குப் போட்டதை எல்லாம் எண்ணிப் பார்த்து வயிறு எரிய வேண்டாம். அதற்கு ‘மை ஒற்று’ என்று எழுதலாமா?

‘புறம்’ வைத்துக் கட்டுரையை மாற்றிப் பார்த்தேன். ‘ஒரே முகத்துக்கு எல்லாப் புறங்களையும் தேடிச் சேர்ப்பதைப் புறவரிசை கட்டுவது என்பார்கள். சிலர் முகத்தைப் பற்றிக் கவலையே படாமல், 16 புறங்களுக்கு ஒவ்வொன்று கிடைத்தால் போதும் என்பார்கள்.’ வாசித்தால் தடுக்கவில்லை. அக்காவுக்கு அனுப்பினேன். ‘இப்பப் புரியுது, ஆனா இதுக்கு எதுக்குடா இவ்ளோ காசு?’ என்று பதில் வந்தது. சொல் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘விளம்பரப் புறம்’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு புறம்.

---

தம்பி,

புறங்கை எனக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ‘மை ஒற்று’ வேண்டாம், ஒற்று என்றால் இக்குழுவில் எல்லோரும் வல்லினம் மிகுமா மிகாதா என்று கிளம்பிவிடுவார்கள். ‘மைப்படிவு’ என்று எழுதுங்கள். ‘அருமுகம்’ கூடாது, அது ஆறுமுகத்துக்கு எழுத்துப்பிழை போல இருக்கிறது. ‘அரிய முகம்’ போதும்.

நான் என் கடிதங்களில் ‘பின்பக்கம்’ என்றே எழுதுவேன்.