புதுப்பிப்பு: மறுக்கப்பட்ட இயலாமை உதவித்தொகை, நீதிமன்றத்தில் கிடைத்த முடிவு

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் என் அண்ணனுக்கு இயலாமை உதவித்தொகை மறுக்கப்பட்டதை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்று கேட்டிருந்தேன்; வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. அத்திட்டத்தை நடத்தும் துறையின் மேல்முறையீட்டுக் குழு அனுப்பிய மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்தோம். புதிய சான்றுகளைத் தேடாமல் ஏற்கெனவே உள்ள ஆவணத் தொகுப்பை வைத்தே வாதிடுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான் பலித்தது: 2017 மார்ச் 27 முதல் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களில், ஒரு மருத்துவரின் கருத்துக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது, அது பிற சான்றுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை நிர்வாக நீதிபதி (அத்துறைக்குள்ளேயே விண்ணப்பங்களை விசாரித்து முடிவு செய்பவர்) விளக்கியாக வேண்டும், எங்கள் விண்ணப்பத்தில் அவர் அளித்த தீர்ப்பில் அந்த விளக்கமே இல்லை. நாங்கள் எதிர்பாராதது, நீதிமன்றம் உதவித்தொகையை நேரடியாக வழங்காமல் மறுவிசாரணைக்கு அத்துறைக்கே திருப்பி அனுப்பியதுதான் (வென்ற வழக்குகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்கிறார் வழக்கறிஞர்). அந்த விசாரணை இன்னும் நிலுவையில் உள்ளது.