14பி டர்போவுக்கு 7 சதுர செ.மீ. ஹவுசிங் மாட்டலாமா? (4ஜி63 இன்ஜின்)

சுழல்காற்று:
1992 மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போ, மேனுவல் கியர். கம்பெனி டர்போ டிடி05ஹெச்-14பி, 6 சதுர செ.மீ. டர்பைன் ஹவுசிங் (எக்ஸாஸ்ட் கேஸ் சுற்றும் டர்பைன் வீலின் கூடு). எக்ஸாஸ்ட் முழுக்க 3 இன்ச் ஆக்கியாச்சு. மிட்சுபிஷி எவோ 3 காரின், 14பி-யைவிடப் பெரிய 16ஜி டர்போவில் வரும் 7 சதுர செ.மீ. ஹவுசிங் தனியாகக் கிடைக்கிறது. அதை மட்டும் மாற்றினால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டுவது குறையுமா? என் கோரில் (ஷாஃப்ட் இருக்கும் நடுப்பகுதி) அப்படியே உட்காருமா?

லேத்துப்பட்டறை:
உட்காரும். இரண்டிலும் டர்பைன் வீல் டிடி05ஹெச்தான். டிடி06 ஹவுசிங் என்றால் ஆகாது, அதன் வீல் பெரிசு.

6, 7 என்பது ஹவுசிங் சுருளின் கழுத்துப் பரப்பு. காரெட் டர்போ கம்பெனிக்காரர்கள் ஹவுசிங் அளவுக்குச் சொல்லும் ஏ/ஆர் வேற கணக்கு, இதோடு சேர்த்துக் குழப்பிக்காதீங்க. கழுத்து பெரிசானால் கேஸின் வேகம் குறையும், பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) தாமதமாக ஏறும். ஆர்பிஎம் மேலே போகப் போக பேக் பிரஷர், அதாவது எக்ஸாஸ்ட்டில் தேங்கும் அழுத்தம், இறங்கும். ஆனால் 14பி முதலில் திணறுவது காற்றை அமுக்கும் கம்ப்ரசர் பக்கம். ஹவுசிங் மட்டும் மாற்றினால் கீழே இழப்பது நிச்சயம், மேலே கிடைப்பது சொற்பம். காசு சேர்த்து முழு 16ஜி-யே வாங்குங்க.

நீலச்சுடர்:
எது வாங்கினாலும் பூஸ்ட் கிரீப்பைப் (பூஸ்ட் கட்டுக்கு மீறி ஏறுவது) பார்த்துக்கோங்க. 3 இன்ச் குழாயில் டர்பைனுக்குப் பின்னால் தடை இல்லை. வேஸ்ட்கேட் (டர்பைனைச் சுற்றாமல் கேஸை வெளியேற்றும் கதவு) முழுக்கத் திறந்தும் அந்த ஓட்டை வழியா போதுமான கேஸ் போகாது, மிச்சமெல்லாம் வீலைச் சுற்றும். பூஸ்ட் கன்ட்ரோலரைக் கழற்றி ஹோஸை நேரா வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டி, மூணாவது கியரில் இழுத்துப் பாருங்க. 10 பிஎஸ்ஐ-யில் நிற்காமல் ஆர்பிஎம் கூடக் கூட 15, 16 என்று ஏறினால் அது கிரீப். சட்டுன்னு எகிறி உடனே இறங்கினால் அது ஸ்பைக், அதற்கு வைத்தியம் வேற.

கிரீப்பை அப்படியே விட்டால் 450 சிசி இன்ஜெக்டர் தாங்காது. ஃபியூயல் கட் விழும் (கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்தும்), இல்லை கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் போகும்.

சுழல்காற்று:
வேஸ்ட்கேட் ஓட்டையை எவ்வளவு பெரிசாக்கலாம்?

லேத்துப்பட்டறை:
34 மி.மீ. ஃபிளாப்பர் (ஓட்டையை மூடும் தட்டு) போட்டு, அது உட்காரும் விளிம்பு சுற்றிலும் 2 மி.மீ.யாவது மிஞ்சும்படி அரைங்க. ஓட்டையைவிட முக்கியம், கேஸ் சுருளிலிருந்து அதற்குத் திரும்பும் கூர்மையான மூலை. அதை உருட்டி விடுங்க. ஃபிளாப்பர் முழுக்கத் திறக்கும்போது டர்பைனுக்கு அடுத்து வரும் ஓ2 ஹவுசிங்கில் (ஆக்சிஜன் சென்சார் இருக்கும் கூடு) இடிக்காமல் இருக்கணும்.

வேஸ்ட்கேட் ஓட்டைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவே மயிரிழை விரிசல் சகஜம், அதோடு ஓட்டலாம். வெளிச்சுவர் வரை போயிருந்தால் அந்த ஹவுசிங் வேண்டாம்.

நீலச்சுடர்:
மாட்டும்போது: போல்ட்டுகளுக்கு முந்தின ராத்திரியே பெனிட்ரேட்டிங் ஆயில் அடிங்க. கோரையும் ஹவுசிங்கையும் பிடிப்பது வி-பேண்ட் கிளாம்ப் (வளையம் மாதிரியான பிடி). இரண்டையும் சரியான நிலையில் வைக்கும் லொகேட்டிங் பின் குழியில் விழாமல் இறுக்கினால் வீல் சுவரில் உரசும். இறுக்கியதும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்க. டர்போவிலிருந்து ஆயில் திரும்பிப் போகும் டிரெய்னில் கேஸ்கெட் மட்டும், சிலிகான் கூடவே கூடாது. பிதுங்கின துண்டு வழியை அடைத்தால் ஆயில் சீல் வழியா டர்பைனுக்குள் இறங்கி வெண்புகை கக்கும். டர்போவுக்கு ஆயில் வரும் ஃபீட் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி கேம் ஆங்கிள் சென்சார் கனெக்டரைப் பிடுங்கிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை செல்ஃப் அடிங்க. அதுக்கப்புறம் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.